ஆகஸ்ட் முடிவதற்குள்

13 ஆகஸ்ட் 2011, சனி

இங்கிலாந்துக் கால்பந்து லீக்கின் புதிய பருவம் எங்களுக்கு இன்று தொடங்கியது. நியூகாசில் 0, எங்கள் ஆர்சனல் 0. புதிதாக வந்த ஜெர்வினோ தன் முதல் லீக் ஆட்டத்திலேயே சிவப்பு அட்டை வாங்கிவிட்டார். அணிப் பட்டியலில் தலைவர் ஃபாப்ரிகாஸ் இல்லை, நடுக்கள வீரர் நஸ்ரியும் இல்லை. அவர்கள் ஏன் இல்லை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இருவரும் வேறு கழகங்களுக்குப் போகப்போகிறார்கள் என்பது கோடை முழுவதும் ஊரறிந்த செய்தி.

இந்த வாரம் லண்டனே எரிந்தது. டொட்டன்ஹாமில் கலவரம் மூண்டதால் அங்கே இன்று நடக்கவிருந்த எவர்டன் ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். வடக்கு லண்டனில் டொட்டன்ஹாம் கழகத்தினரும் நாங்களும் ஜென்மப் பகைவர்கள்தான். ஆனாலும் அந்தத் தெருக்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது வயிறு கலங்கியது.

மாலையில் சித்தப்பா வீட்டில்தான் ஆட்டத்தைப் பற்றிப் பேசினோம். அவர் 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஆர்சனலின் பழைய ஹைபரி மைதானத்தில் நின்றுகொண்டே ஆட்டம் பார்த்த காலத்து ஆள். "பந்து இவர்களிடம் நிற்கிறது தம்பி, ஆனால் எங்கே போக வேண்டும் என்று அதற்குச் சொல்ல ஆளில்லை" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

15 ஆகஸ்ட், திங்கள்

போய்விட்டார். பார்சிலோனாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஃபாப்ரிகாஸ் சிரிக்கும் படம் எல்லா இடத்திலும் இருக்கிறது. முதலில் 29 மில்லியன் யூரோ, பிறகு நிபந்தனைகளுக்கு ஏற்ப மேலும் 5 மில்லியன் என்கிறார்கள். சந்தையில் அவருடைய பெறுமதி இதைவிட எவ்வளவோ அதிகம். ஆனால் அவர் வேறெங்கும் போக விரும்பவில்லை. வாங்குகிறவர் ஒருவர்தான் என்றால் விலையையும் அவர்தானே தீர்மானிப்பார்.

அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. 2003இல் 16 வயதில் வந்த பையன், 21 வயதில் தலைவன் ஆனான். பிறந்த மண்ணின் கழகத்துக்குத் திரும்பிப் போக ஆசைப்படுவதை நாடு விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளையான என்னால் எப்படிக் குறை சொல்ல முடியும்?

என் கோபம் வேறு. நான் கணக்காளர். ஆர்சனலின் ஆண்டறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் வரி வரியாகப் படிக்கிறேன். "வெங்கர் கஞ்சர், வங்கியில் பணத்தை வைத்துக்கொண்டு பூட்டிவிட்டார்" என்று நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எங்கள் பயிற்சியாளரான அவருக்காக நான் வாதாடியிருக்கிறேன், இன்றும் வாதாடுவேன். புதிய மைதானத்துக்கு ஏறத்தாழ 390 மில்லியன் பவுண் செலவானது. 2006இல் 260 மில்லியன் கடனை நீண்டகாலப் பத்திரங்களாக மாற்றினார்கள். அந்தக் கட்டடத்தை எழுப்பும் அவசரத்தில், எமிரேட்ஸ் விமான நிறுவனத்தோடு 2004இலேயே 100 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். மைதானத்துக்கு அவர்கள் பெயர் 15 ஆண்டுக்கு, சட்டையில் அவர்கள் விளம்பரம் 8 ஆண்டுக்கு. அப்போது அது பெரிய தொகை. இன்று மன்செஸ்டர் யுனைட்டெட்டும் லிவர்பூலும் சட்டைக்கு மட்டுமே ஆண்டுக்கு 20 மில்லியன் வாங்குகின்றன. வளர்ந்த விலையில் எங்களுக்குப் பங்கில்லை. விதைக்கக் காசில்லாமல் அடுத்த சில போகங்களையும் முன்கூட்டியே விற்றுவிட்ட விவசாயியின் நிலை அது.

இந்தச் சுமையோடுதான் வெங்கர் ஆண்டுதோறும் ஐரோப்பாவின் சிறந்த கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் வரை அணியை இழுத்துவந்தார். செல்சியின் பின்னால் 2003இலிருந்து ஒரு கோடீசுவரர், மன்செஸ்டர் சிட்டியின் பின்னால் 2008இலிருந்து அபுதாபி அரச குடும்பத்தின் செல்வம். அவர்களோடு போட்டியிட்டு, அதற்குத் தேவையான முதல் நான்கு இடங்களுக்குள் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் கிண்ணம் எண்ணுகிறவர்களுக்கு விளக்குவது கடினம்.

ஆனால் இன்று எனக்கு ஒரு கேள்வி. ஃபாப்ரிகாஸ் போவார் என்பது ஜூனில் தெரியும். ஜூலையிலும் தெரியும். இன்று ஆகஸ்ட் 15. அவருடைய இடத்துக்கு வருகிறவர் யார்?

17 ஆகஸ்ட், புதன்

நேற்று சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் இத்தாலியின் உதினேசெயை 1–0 என வென்றோம். வால்கொட் நான்காவது நிமிடத்தில் போட்ட கோல். மிச்ச நேரம் முழுவதும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். இத்தாலியர்கள் அடித்த இரண்டு பந்துகள் கம்பத்தை நடுங்க வைத்தன.

20 ஆகஸ்ட், சனி

ரேய்னர்ஸ் லேனிலிருந்து பிக்காடில்லி சுரங்க ரயில் வழித்தடத்தில் ஏறி ஆர்சனல் நிலையத்தில் இறங்கினால், அந்த நீண்ட சரிவுப் பாதையில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறி வெளியே வரும் நிமிடம் எனக்குக் கோயில் திருவிழா மாதிரி. இன்று அந்தப் பாதையில் பாட்டு இல்லை. லிவர்பூல் வந்திருந்தது.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கொஷியெல்னி முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியேற, இக்னாசி மிக்கெல் என்ற 18 வயதுப் பையன் பின்வரிசைக்கு வந்தான். இரண்டாம் பாதியில் ஃபிரிம்பொங் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். பிறகு மிக்கெல் வெளியே அடிக்க முயன்ற பந்து ராம்சியின் உடம்பில் பட்டு எங்கள் வலைக்குள்ளேயே விழுந்தது. இறுதியில் சுவாரெஸ் இன்னொன்று. 0–2. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு லீக்கில் எங்கள் மண்ணில் லிவர்பூல் வென்றது இதுதான் முதல் தடவை.

காசைச் செலவழி என்று கூட்டம் கத்தியது. எனக்குப் பின்னால் இருந்த பெரியவர், என் அப்பா வயது இருக்கும், தொண்டை கிழியக் கத்தினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். இந்த ஆண்டு பருவகால நுழைவுச்சீட்டின் விலையை 6.5 சதவீதம் கூட்டியிருக்கிறார்கள். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் அந்த 6.5ஐ எங்கிருந்தோ தேடிக் கட்டியிருக்கிறார். கட்டிய பிறகு, களத்தில் நிற்பது பதின்வயதுப் பையன்கள் என்றால் அவருக்கு வலிக்காதா?

ஆனால் நான் கத்தவில்லை. வெங்கர் பெயரைச் சொல்லிச் சிலர் ஏசியபோது நெஞ்சு அடைத்தது. 49 ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல் ஆடிய அணியைக் கட்டிய மனிதர் அவர்.

24 ஆகஸ்ட், புதன்

ஒரே நாளில் ஒரு கதவு திறந்தது, இன்னொன்று மூடியது.

தகுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டம். உதினேயில் நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். வான் பேர்சி சமன் செய்தார். அடுத்து அவர்களுக்குத் தண்ட உதை (பெனால்டி). டி நட்டாலே அடிக்க, எங்கள் கோல் காப்பாளர் ஷெஸ்னி வலப்பக்கம் பாய்ந்து ஒற்றைக் கையால் மேலே தட்டிவிட்டார். நான் கதிரையிலிருந்து எழுந்து கத்தியதில் மகள் விழித்துக்கொண்டாள். பிறகு வால்கொட் அடித்த கோலோடு 2–1. சாம்பியன்ஸ் லீக்கில் இருக்கிறோம். அதன் வருமானம் உறுதி. அதைக் கொண்டு புதிய வீரர்களை வாங்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

நஸ்ரி மன்செஸ்டர் சிட்டிக்குப் போய்விட்டார். ஏறத்தாழ 24 மில்லியன். ஒப்பந்தத்தில் ஓராண்டு மட்டுமே மிச்சம் இருந்த வீரருக்கு நல்ல விலைதான். கணக்காளராக அதை ஏற்கிறேன். ஆனால் 2009இல் அடேபயோர், கோலோ டூரே, இந்த ஜூலையில் கிளிஷி, இப்போது நஸ்ரி. நாங்கள் வளர்த்தவர்களை ஒவ்வொருவராக அதே வாசலில் கொண்டுபோய் விடுகிறோம். விற்பதும் கைமாறுவதும் தொழில்தான். ஓர் ஆளை ஓராண்டு ஒப்பந்தம் மிச்சம் இருக்கும்வரை விட்டுவைத்ததுதான் பிழை. ஈராண்டு இருந்தபோதே புதுப்பிக்கவோ விற்கவோ வேண்டும்.

28 ஆகஸ்ட், ஞாயிறு

எழுதத்தான் வேண்டும்.

மன்செஸ்டர் யுனைட்டெட் 8, ஆர்சனல் 2.

வெர்மாலன், வில்ஷியர் காயம். சாக்னா இல்லை. ஜெர்வினோ, சோங், ஃபிரிம்பொங் மூவருக்கும் தடை. ஃபாப்ரிகாஸும் நஸ்ரியும் விற்கப்பட்டவர்கள். கொக்கலான் என்ற பையனுக்கு லீக்கில் இதுவே முதல் ஆட்டம், அதுவும் ஓல்ட் ட்ரபர்டில். வலப்புறம் நின்ற ஜென்கின்சனை மூன்று மாதங்களுக்கு முன்புதான் சார்ல்டனிலிருந்து வாங்கியிருந்தார்கள்.

வெல்பெக் முதல் கோலை அடித்தார். உடனே எங்களுக்குத் தண்ட உதை கிடைத்தது. வான் பேர்சி அடித்ததை டி கியா தடுத்தார். அது போயிருந்தால் என்று இப்போது யோசிப்பதில் பயனில்லை. அடுத்த நிமிடமே யங் தூரத்திலிருந்து வளைத்துப் போட்டார். ரூனி தனி உதையில் (ஃப்ரீ கிக்) ஒன்று, இடைவேளைக்குப் பிறகு தனி உதையிலேயே இன்னொன்று, கடைசியில் தண்ட உதையில் மூன்றாவது. நானி, பார்க், மறுபடி யங். ஆறாவது கோலுக்குப் பிறகு சித்தப்பா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அங்கே தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது.

1896இல் லௌபரோவிடம் 8–0 எனத் தோற்ற பிறகு ஆர்சனல் எட்டு கோல்கள் வாங்கியது இன்றுதானாம். 115 ஆண்டுகள்.

ஒன்றை மட்டும் மறக்க மாட்டேன். மைதானத்தின் ஒரு மூலையில் இருந்த எங்கள் ஆதரவாளர்கள் கடைசிவரை பாடிக்கொண்டிருந்தார்கள். எட்டு கோல்கள் விழுந்த பிறகும் பாட்டு நிற்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டபோதுதான் என் கண்கள் நிறைந்தன, கோல்களுக்கு அல்ல.

அதே மதியம் நஸ்ரி சிட்டிக்காக முதல் ஆட்டம் ஆடினார். டொட்டன்ஹாமை 5–1 என வென்றார்கள்.

29 ஆகஸ்ட், திங்கள், வங்கி விடுமுறை

சித்தப்பாவோடு காலை முழுவதும் வாக்குவாதம். வெங்கர் போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவரோடு நின்று "இது போதாது" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்கிறார். கழகத்தின் துணைத் தலைவராக இருந்த டேவிட் டீன் 2007இல் விலகிப் போனதிலிருந்து அந்த நாற்காலி வெறுமையாகவே இருக்கிறது என்பது அவர் கட்சி. வீரரைத் தெரிவு செய்வது வெங்கர், வாங்கி முடிப்பது டீன். இரண்டும் வெவ்வேறு திறமைகள். இப்போது இரண்டையும் ஒருவர் தலையில் கட்டியிருக்கிறோம். இதில் நான் முழுமையாக உடன்படுகிறேன்.

நான் சொன்னது சம்பளத்தைப் பற்றி. ஆதரவாளர்கள் வாங்கும் விலையைத்தான் பேசுகிறார்கள். உண்மையான வரவுசெலவுத் திட்டம் சம்பளத்தில் இருக்கிறது. ஆர்சனல் ஆண்டுக்கு 110 மில்லியனுக்கும் மேல் சம்பளம் கொடுக்கிறது. அது சிறிய தொகை அல்ல. வெங்கர் நம்புவது கிட்டத்தட்ட சமமான சம்பளத்தை. நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். உச்சியில் இருப்பவர் வேறு இடத்தில் இரண்டு மடங்கு கிடைக்கும் என்று போய்விடுகிறார். நடுத்தரமானவருக்கு இங்கே கிடைப்பதை வேறெவரும் தர மாட்டார்கள், ஆகவே அவரை விற்க முடிவதில்லை. தெனில்சனைச் சாவோ பாவுலோவுக்கு இரவலாக அனுப்பினார்கள், விற்கவில்லை. சிறந்தவர்கள் போகிறார்கள், மற்றவர்கள் தங்குகிறார்கள். கஞ்சத்தனம் என்று இதைச் சொல்ல முடியாது. காசு செலவாகிறது, தவறான இடத்தில்.

சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படியென்றால் இன்னும் மோசம், தம்பி" என்றார்.

31 ஆகஸ்ட், புதன், நள்ளிரவு

இரவு 11 மணிக்கு வீரர்களை வாங்கி விற்கும் சந்தை மூடியது. இப்போதுதான் கணினியை விட்டு எழுந்தேன்.

நேற்று மொனாக்கோவிலிருந்து பார்க் சூ-யங். இன்று பெனர்பாசெயிலிருந்து அந்திரே சாந்தோஸ், வெர்டர் பிரேமனிலிருந்து மெர்டெசாக்கர், செல்சியிலிருந்து பெனயூன் இரவலாக, எவர்டனிலிருந்து மிக்கெல் ஆர்டேட்டா ஏறத்தாழ 10 மில்லியனுக்கு. ஆர்டேட்டாவின் பேச்சு பகலில் முறிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. இரவில் மறுபடி ஒட்டியது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வருகிறார் என்கிறார்கள். பென்ட்னர் சண்டர்லாந்துக்கு இரவலாகப் போனார். அவரையும் விற்க முடியவில்லை.

இரண்டு நாளில் ஐந்து பேர். மகிழ்ச்சி இல்லாமல் இல்லை. மெர்டெசாக்கர் ஜெர்மனிக்கு எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர். ஆர்டேட்டாவுக்கு 29 வயது, பந்தை வீணாக்காதவர். இருவரும் முதிர்ந்தவர்கள். இந்த அணிக்கு அதுதான் தேவை.

ஆனால் இதே ஐந்து பேரை ஜூலையில் வாங்கியிருக்க முடியாதா? காசு இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. காசு இருந்தது, நான் அறிக்கையில் பார்த்தேன். ஃபாப்ரிகாஸ் போவார் என்றும் தெரிந்திருந்தது. எட்டு கோல்கள் விழுந்த பிறகு வாங்கியது, தேவையைக் கணித்து அல்ல, அவமானத்தால். நியூகாசில், லிவர்பூல், மன்செஸ்டர் என்று மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி. நாங்கள் இழந்த அந்த எட்டுப் புள்ளிகளின் விலையை எந்த ஏட்டில் பதிவது? நான்காம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் இடையே சில ஆண்டுகளில் ஒன்றிரண்டு புள்ளிகள்தான் இருக்கும். அந்த இடைவெளியில் பல மில்லியன்கள் இருக்கின்றன. தாமதமும் ஒரு செலவு என்பதை ஆர்சனல் நிர்வாகம் எப்போது கணக்கில் எடுக்கும்?

ஞாயிறன்று மன்செஸ்டருக்குப் போனவர்களுக்கு அடுத்த வெளியூர் ஆட்டம் ஒன்றின் நுழைவுச்சீட்டைக் கழகமே தருமாம். நல்ல செயல். பாடியவர்களுக்கு அது தகும்.

10 செப்டெம்பர், சனி

ஸ்வான்சியை 1–0 என வென்றோம். அழகான ஆட்டம் அல்ல. அவர்களுடைய கோல் காப்பாளர் வோர்ம் உருட்டிவிட்ட பந்து அவர்கள் வீரர் ஒருவரின் குதிகாலில் பட்டுத் திரும்ப, அர்ஷாவின் ஒதுக்கமான கோணத்திலிருந்து வலைக்குள் தள்ளினார். பருவத்தின் முதல் லீக் வெற்றி.

மெர்டெசாக்கரும் ஆர்டேட்டாவும் முதல் தடவையாக ஆடினார்கள். மெர்டெசாக்கர் ஓடுவது மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் கையை நீட்டி, நீ அங்கே நில், நீ இங்கே வா என்று காட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் பின்வரிசையில் இப்படி ஒருவர் பேசுவதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

அன்று தொண்டை கிழியக் கத்திய பெரியவர் இன்றும் அதே இருக்கையில் இருந்தார். கடைசி ஐந்து நிமிடம் ஸ்வான்சி அழுத்தியபோது அவருடைய கை என் தோளை இறுகப் பிடித்திருந்தது. விசில் ஊதிய பிறகுதான் எடுத்தார்.