தகரக் கூரையும் அத்தானின் அறுபதும்

பின்பக்கம் புதிதாக இறக்கிய அறைக்குத் தகரம்தான் போட்டோம். சித்திரையில் சூரியன் கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் நிற்கும் நாட்களில் மத்தியானம் உள்ளே இருக்க ஏலாது. காற்றாடியைப் போட்டால் மேலே நிற்கும் வெக்கையை அள்ளி முகத்தில் எறியும். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு வேம்புக்குக் கீழே போய்விடுவார்.

ரொறன்ரோவில் இருக்கும் அத்தானிடம் கேட்டேன். "கூரைக்கு ஆர் அறுபதுக்குக் குறையாமப் போடு" என்றார். ஆர் (R) என்றால் கூரைக்குக் கீழே போடும் பொருள் சூட்டை எவ்வளவு மறிக்கும் என்ற அளவு; எண் கூடினால் மறிப்பும் கூடும். சரியென்று வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் காட்டிய கண்ணாடிப் பஞ்சுச் சுருளில் 50 மில்லிமீற்றர், ஆர் 1.3 என்று இருந்தது. அறுபது தேடிப் போனவனுக்கு ஒன்று தசம் மூன்றா? ஏமாற்றுகிறார் என்று நினைத்து வெறுங்கையோடு திரும்பிவிட்டேன்.

முறிகண்டியில் பஸ் நிற்க, கச்சான் கொறித்தபடி அவர் தந்த தாளைத் திருப்பினேன். அடியில் பொடி எழுத்தில் சதுர மீற்றர், கெல்வின், வாற் என்று அலகு. அத்தானுடையது அடி, பாரன்ஹைட் கணக்கு. 1.3-ஐ 5.68-ஆல் பெருக்கினால் அவருடைய கணக்கில் 7.4 வரும். கடைக்காரர்மேல் ஒரு பிழையுமில்லை. அலகைக் கேட்காமல் எண்ணை மட்டும் காவிக்கொண்டு போகாதீர்கள்.

அறுபது வேண்டுமென்றால் பஞ்சு ஒரு முழத் தடிப்பில் கிடக்க வேண்டும். பனிக்காலம் முழுக்க உள்ளே எரிகிற எரிவாயு உலையின் சூடு கூரையால் போய்விடாமல் பிடிக்கத்தான் அவர்களுக்கு அது. எங்களுக்கு உலையுமில்லை, ஏசியுமில்லை. சன்னல் இரவு பகலாகத் திறந்து கிடக்கிறது. காய்ந்த தகரம் கீழே வீசும் கதிர்ச்சூட்டை மறித்தால் போதும். ஏசி பூட்டுகிறவர்கள் பஞ்சுக்குக் காசு செலவழித்து இடுக்குகளையும் அடைக்கட்டும்.

மறுபடி வவுனியா. ஒருபக்கம் மினுங்கும் அலுமினியம், மறுபக்கம் வெள்ளைப் பிளாஸ்ரிக் உள்ள சுருள் வாங்கி வந்தேன்.

ஓடாவியார் தகரத்தைக் கழற்றி, சலாகைக்கு மேலே சுருளை இழுத்து விரித்து, மினுங்கும் பக்கத்தைத் தகரத்தோடு ஒட்ட வைத்துத் திரும்பப் பூட்டினார். வெள்ளை கீழே, பார்க்க வடிவுதான். அடுத்த நாள் மத்தியானம் அந்த வெள்ளையில் உள்ளங்கையை வைத்தேன். தோசைக்கல்! அலுமினியம் தகரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் சூடு அப்படியே கடந்து வரும். இடையில் ஒரு அங்குலமாவது காற்று நிற்க வேண்டும்.

"இடைவெளி விட்டா எலி குடிவரும் தம்பி" என்றார்.

"எலிய நான் பாக்கிறன் அண்ணை, நீங்கள் இறக்குங்கோ."

இரண்டாவது நாள் கூலியும் என் தலையில். இந்தமுறை சலாகைக்குக் கீழே, தகரத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி அடித்தோம். மினுங்கும் பக்கம் கீழே பார்க்கிறது. மேலே பார்த்தால் தூசி படிந்து மங்கிவிடும். வெக்கை வெளியேற இரு நுனியிலும் வாய் விட்டு வலை அடித்தாயிற்று. அலுமினியம் மின்சாரம் கடத்தும், ஆணி வயரில் ஏறினால் கதை முடிந்தது. மெயின் சுவிட்சை நிற்பாட்டிவிட்டே கைவையுங்கள்.

இப்போது அம்மா மத்தியானம் உள்ளேதான் படுக்கிறார். "மேல பாத்தா நானே கலங்கலாத் தெரியிறன்" என்று ஒரு முறைப்பாடு மட்டும். மார்கழிக் காலையில் தகரத்தில் வேர்த்துச் சொட்டும் தண்ணீரும் இப்போது பாயில் விழுவதில்லை.

போன கிழமை வலையை அரித்துக்கொண்டு ஒரு எலி வந்துவிட்டது. ஓடாவியாருக்கு இன்னும் சொல்லவில்லை.