வெறுமையாக வந்த ஓடுகள்

பூச்சிக்கொல்லி என்றதும் வயலும் தெளிப்பானும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. உணவுக்காக வளர்க்கப்படும் சிப்பியான கடல் ஆளியின் குஞ்சுப் பருவத்தை நஞ்சு எவ்வாறு குலைக்கும் என்பதைப் பிரான்சுக்குக் கற்றுக்கொடுத்ததோ, படகுகளுக்குப் பூசிய பெயிண்ட்.

போர்தோ நகரத்தை அடுத்த அர்காஷோன் விரிகுடாவில் ஆளி வளர்ப்போர் கோடையில் சுண்ணாம்பு பூசிய ஓடுகளை நீரில் இறக்கிவைப்பார்கள். மிதந்து திரியும் ஆளிக்குஞ்சுகள் அவற்றில் வந்து ஒட்டிக்கொள்ளும். 1970-களின் பிற்பகுதியில் அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த ஓடுகள் ஏறக்குறைய வெறுமையாகவே கரைக்கு வந்தன. இத்தனைக்கும் பெரிய ஆளிகள் உயிரோடுதான் இருந்தன. அவற்றின் சிப்பி ஓடு மட்டும் விகாரமாகத் தடித்து, அடுக்குகளுக்கிடையே கூழ் நிறைந்த அறைகளோடு காணப்பட்டது.

அங்கு வளர்க்கப்படும் ஆளி தன் முட்டையையும் விந்தையும் நேராகக் கடல்நீரில் விட்டுவிடுகிறது. கருவுற்ற முட்டை பலவாகப் பிரிந்து, நீந்தத் தொடங்கி, ஏறத்தாழ ஒரே நாளில் ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் முதல் ஓட்டைக் கட்டிவிடும். உறையோ கூடோ இல்லாமல் இத்தனை வேலையும் நடக்கும் அந்த 24 மணி நேரத்தில், நீரில் கரைந்த நஞ்சு கருவை நேரடியாகத் தொடுகிறது. ஓட்டின் கீல் வளைந்துபோகும், விளிம்பில் பள்ளம் விழும், அல்லது வளர்ச்சி பாதியிலேயே நின்றுவிடும். நுண்ணோக்கியில் இப்படிப்பட்டவற்றை எண்ணிப் பார்ப்பதே இன்றுவரை கடல்நீரின் தரத்தைச் சோதிக்கும் ஒரு வழியாக இருக்கிறது.

அர்காஷோனில் குற்றவாளி டிரைபியூட்டில்டின் என்ற வெள்ளீயச் சேர்மம். படகின் அடியில் கொட்டலசு என்ற ஓட்டுயிரியும் பாசியும் ஒட்டாதிருக்கச் சேர்க்கப்பட்ட அது, லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைந்த அளவிலேயே குஞ்சுகளைக் கொன்றது. 25 மீட்டருக்கும் குறைவான படகுகளில் அதைப் பயன்படுத்தப் பிரான்ஸ் 1982 ஜனவரியில் தடை விதித்தது. அந்தக் கோடையிலேயே ஓடுகளில் குஞ்சுகள் மீண்டும் ஒட்டின. உலக அளவிலான தடை நடைமுறைக்கு வர 2008 ஆயிற்று. அது ஏன் இத்தனை தாமதமானது என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

வளர்ந்த ஆளி சாகவில்லை என்பதை வைத்து ஒரு மருந்தைப் பாதுகாப்பானது என்று சொல்வது எவ்வளவு பிழை என்பதைப் பிற்காலத்துக் களைக்கொல்லி ஆய்வுகளும் காட்டுகின்றன. மக்காச்சோள வயல்களிலிருந்து லேர் ஆற்றின் வழியே அதே விரிகுடாவுக்கு வந்த மெட்டோலகுளோர் என்ற களைக்கொல்லி, ஆளிக்கருவின் மரபுப்பொருளைச் சேதப்படுத்தக்கூடியது. டையூரான் என்ற களைக்கொல்லி இன்னும் ஒரு படி மேலே போகிறது: அந்த நஞ்சு தாய் தந்தை ஆளிகள்மீது மட்டும் பட்டிருந்தாலும், அவற்றின் சந்ததியிலும் அதன் விளைவைக் காண முடிகிறது.