12 பின், மூன்று பயணம்

சுழலும் தட்டில் உலோகக் குச்சியை (பின்) அழுத்தித் தேய்மானம் பார்க்கும் பின்-ஆன்-டிஸ்க் இயந்திரத்தில் 12 அலுமினியம் பின்களையும் ஓட்டி எடை இழப்பைக் குறித்ததும், எம்.இ. ப்ராஜெக்ட்டில் பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக நினைத்தேன். மிச்சம் எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படமும், ஒளியால் மேற்பரப்பின் மேடுபள்ளத்தை அளக்கும் ஆப்டிகல் புரொஃபைலோமீட்டரும்தான்.

முதல் பயணம் தண்டம். இரண்டு பஸ் மாறி அந்தக் கருவிகள் இருக்கும் லேபில் போய் நின்றால், "30 மில்லிமீட்டர் உயரமா? 10-க்கு மேல ஏத்த மாட்டோம். ஹெச்.ஓ.டி. லெட்டர் எங்க?" என்றார்கள். பணம் கட்டச் சொன்ன மெயிலில் இதை ஒரு வரி போட்டிருக்கலாம்.

திரும்பி வந்து ஹாக்சாவால் அறுத்தேன். அறுத்த தூள் தேய்ந்த முகத்தில் ஒட்டியது. பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தேன். வினை அங்கேதான். இரண்டாம் முறை திரையில் படலம் பெயர்ந்தது போலத் தெரிய, தேய்மானத்தில் அடுக்கு உரியும் டிலாமினேஷன் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். ஆபரேட்டர் அண்ணன் நிதானமாகப் பெரிதாக்கிக் காட்டினார். "தம்பி, இது பஞ்சு நூல். பக்கத்துல இருக்கிறது காய்ஞ்ச கறை." குறுக்கே ஓடிய மெல்லிய கீறல்கள் நான் தூளோடு சேர்த்துத் தேய்த்ததில் விழுந்தவை. நாலு பின்களை மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று.

இப்போது செய்வது இது: அறுப்பதற்கு முன்பே எடை போட்டு, பின்னின் பக்கவாட்டில் உராய்வுத் திசைக்கு ஒரு கோடு கீறிவிடுவேன். வட்டமான பின்னில் அப்புறம் திசை தெரியாது. தேய்மானத் துகள் வேண்டுமென்றால் கழுவும் முன் கார்பன் டேப்பில் ஒற்றி எடுத்துவிட வேண்டும். பிறகு அல்ட்ராசானிக் குளியல்; பஞ்சு பக்கமே போவதில்லை. எஸ்.இ.எம். படத்துக்காகத் தங்கப் பூச்சு போடுவதானால், அதற்கு முன் புரொஃபைலோமீட்டர் வேலையை முடித்துவிடுங்கள்.

அதிலும் ஒரு அடி வாங்கினேன். ஒரே பின்னில் மூன்று இடத்துக்கு மூன்று எஸ்.ஏ. (சராசரி மேற்பரப்புச் சொரசொரப்பு) மதிப்பு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. பின் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சாய்வைக் கழிக்காமலே கணக்குப் போட்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, செங்குத்தான கீறல் சுவரிலிருந்து வெளிச்சம் திரும்பாத இடங்களை மென்பொருளே இட்டு நிரப்பியிருந்தது. சரி, திருத்தலாம் என்றால் என் கையில் இருந்தது வெறும் ஜேபெக் படம். மூல ஃபைலுக்காகத்தான் மூன்றாம் பயணம். பென்டிரைவில் அதை வாங்காமல் கிளம்பாதீர்கள். 10எக்ஸ் லென்ஸில் எடுத்ததையும் 50எக்ஸில் எடுத்ததையும் ஒரே அட்டவணையில் போட்டுவிடவும் வேண்டாம்.

வைவாவில் எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் கேட்ட முதல் கேள்வி: "ஒரே இடத்தை மறுபடி அளந்தீங்களா?" பின்னைக் கழற்றி மாட்டி ஐந்து முறை அளந்த அட்டவணையை நீட்டினேன். பார்த்தார், அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.