“போகாது” என்று சொன்னேன்

“மிஸ், சொந்தமா எழுதி, அது தப்பா இருந்தா மார்க் போகுமா?”

“போகாது. படிச்சு, யோசிச்சு எழுதினா போகாது.”

இவ்வளவுதான் பேச்சு. வகுப்பு முடிந்து நான் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், அவன் மேசைப் பக்கத்தில் வந்து நின்று கேட்டான். அதிகம் பேசாத பையன். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொன்னேன் என்று நினைக்கிறேன். வருஷங்கள் ஆகிவிட்டன, ஷேக்ஸ்பியரின் ‘மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ நாடகம் பாடத்திட்டத்திலிருந்து போய் ஜூலியஸ் சீசர் வந்துவிட்டது, அந்த “போகாது” மட்டும் என்னை விடவில்லை.

அவன் அப்படிக் கேட்டதற்கு நானே காரணம். அன்று காலையில்தான் வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன், அசைன்மெண்ட்டில் வொர்க்புக்கில் அச்சடித்திருக்கும் பதில் இருந்தால் திருத்தாமலே திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று. முந்தின வருஷம் 38 தாளில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியத்தில் தொடங்கியிருந்தன. அந்த நாடகத்தில் வட்டிக்குப் பணம் கொடுக்கும் யூதன் ஷைலாக் வில்லனா, பாதிக்கப்பட்டவனா என்று கேட்டால், இரண்டும்தான் என்று ஒரே சொற்களில், ஒரே வரிசையில். ராத்திரி பதினோரு மணிக்கு அதைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு கட்டத்துக்கு மேல் கோபம்கூட வராது, வெறும் களைப்புதான். நான் எதற்காக இந்த வேலைக்கு வந்தேன் என்று தோன்றும். அதனால்தான் அவ்வளவு வேகமாகச் சொன்னேன். அது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை.

ஆனால் “போகாது” என்று சொல்ல எனக்கு உரிமை இருந்ததா? ஐ.சி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு இலக்கியத் தாளில் எழுத்துத் தேர்வுக்கு 80, பள்ளியிலேயே அசைன்மெண்ட்டுக்குப் போடும் இன்டர்னலுக்கு 20. அந்த இருபதில் பாடம் எடுக்கிற ஆசிரியர் போடுவது 10 மட்டும். மீதி 10 அந்த வகுப்புக்கு அந்தப் பாடம் எடுக்காத இன்னொருவர் கையில். எனக்குச் சொந்தமான பத்து மார்க்கை வைத்துக்கொண்டு இருபதுக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் அங்கம், முதல் காட்சி. ஷைலாக்கின் மீது நமக்கு இரக்கம் வரும்படி அந்தக் காட்சி எப்படி அமைந்திருக்கிறது, 300 முதல் 400 சொற்களுக்குள் எழுது. இதுதான் கேள்வி. யூதனுக்குக் கண்கள் இல்லையா என்று தொடங்கும் அந்தப் பேச்சை எல்லாரும் எழுதுவார்கள், எழுதவும் வேண்டும். வகுப்பில் இரண்டு பீரியட் அதற்கே செலவு செய்திருந்தேன்.

இவன் அந்தப் பேச்சைத் தொடவே இல்லை. தாள் முழுக்க மோதிரத்தைப் பற்றி எழுதியிருந்தான். ஷைலாக்கின் மகள் ஜெசிகா நகைகளை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடிப்போன பிறகு அவள் என்னென்ன செலவு செய்கிறாள் என்று அவனுடைய நண்பன் டியூபல் வந்து ஒவ்வொன்றாகச் சொல்லும் இடம். போன வைரத்துக்கு ஷைலாக் விலை சொல்கிறான், 2000 டக்கட் பொற்காசு. ஒரே ராத்திரியில் 80 டக்கட் செலவானதைக் கேட்டுக் கத்தியால் குத்தியதுபோலத் துடிக்கிறான். அப்புறம், ஒரு குரங்குக்காக ஜெசிகா கொடுத்துவிட்ட மோதிரத்தை ஒருவன் தன்னிடம் காட்டினான் என்கிறான் டியூபல். அதற்கு மட்டும் ஷைலாக் விலை சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மனைவி லியா கொடுத்தது என்கிறான். காடு நிறையக் குரங்கு கிடைத்தாலும் அதைக் கொடுத்திருக்க மாட்டேன் என்கிறான். அந்த மனிதன் விலை சொல்லாத ஒரே பொருள் இது, எனக்கு இரக்கம் வந்தது இங்கேதான், பெரிய பேச்சில் வரவில்லை, ஏனென்றால் அங்கே அவன் வாதாடுகிறான், இங்கே வாதாடவில்லை. ஏறத்தாழ இப்படி எழுதியிருந்தான். ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன. காலம் மாறி மாறி வந்தது. “விலை” என்ற சொல்லுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தான்.

அந்தக் காட்சியைப் பத்து வருஷத்துக்கு மேல் நடத்தியிருக்கிறேன். விலை சொல்லாததை நான் கவனித்ததே இல்லை. பிழைகளுக்கு இரண்டைக் குறைத்து 8 போட்டேன். தாளின் ஓரத்தில் என்ன எழுதினேன் என்பது இப்போது நினைவில்லை, ஏதோ நீளமாக எழுதினேன்.

இன்னொரு செக்‌ஷனுக்கு எடுக்கும் மேடம் அதே தாளுக்கு 4 போட்டார்.

ஸ்டாஃப் ரூமில் மதியம் கேட்டேன். சண்டைக்குப் போகவில்லை. “இந்தத் தாள் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது மேடம்” என்றேன். அவர் என்னைவிட மூத்தவர், பையன்களிடம் பாசமானவர், மார்க்கில் கஞ்சத்தனம் கிடையாது. தாளை வாங்கி மறுபடி ஒருமுறை படித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா கேள்வி காட்சியைப் பத்தி. இவன் பத்து வரியைப் பத்தி எழுதியிருக்கான். மெயின் ஸ்பீச்சே இல்ல. போர்டுல இப்படி எழுதினா என்ன கிடைக்கும், நீங்களே சொல்லுங்க. அப்புறம் இன்னொண்ணு. மோதிரத்துக்கு விலை சொல்லலன்னு உருகுறானே, அதே ஆள் அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதானே பொண்ணு என் காலடியில செத்துக் கிடக்கணும், நகை அவ காதுல இருக்கணும்னு சொல்றான்? அதை ஏன் விட்டுட்டான்?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது சரி. பையன் விட்டுவிட்டான் என்பதோடு, 8 போட்டபோது நானும் அதை நினைக்கவில்லை. ஒரு புதிய வாக்கியத்தைப் படித்த சந்தோஷத்தில் மற்றதெல்லாம் மறந்துவிட்டதா? முப்பது தாள் ஒரே மாதிரி படித்த பிறகு வந்த முப்பத்தோராவது தாள் என்பதால் அது அவ்வளவு அழகாகத் தெரிந்ததா? முதல் தாளாக வந்திருந்தால் நானும் 5 போட்டிருப்பேனோ? இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் உறுதியான பதில் இல்லை.

ஆனால் மதிப்பீட்டு அட்டவணையில் மாணவரின் சொந்த எதிர்வினைக்கும் ஓர் இடம் உண்டு. அதை எடுத்துக் காட்டியிருக்கலாம், குறைந்தது ஒரு மார்க்காவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “சரி மேடம்” என்று தாளை வாங்கிக்கொண்டேன். அப்போது மனதில் ஓடிய கணக்கு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாலு மார்க் வித்தியாசம். மொழித் தாளும் இலக்கியத் தாளும் சேர்ந்து சராசரிதான் ஆங்கிலத்தின் மார்க், அதனால் கடைசியில் இரண்டுதான் குறையும். அசைன்மெண்ட் இன்னொன்று வேறு இருக்கிறது, அதோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்றுதான் வரும். சர்ட்டிஃபிகேட்டில் இன்டர்னல் தனியாகத் தெரியப்போவதும் இல்லை. ஒரு மார்க்குக்காக மூத்தவரிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன். கணக்கு சரியானதுதான். ஆனால் அவன் கேட்டது எத்தனை மார்க் போகும் என்பது இல்லையே, போகுமா என்பதுதானே.

இரண்டாவது அசைன்மெண்ட் ஒரு கவிதை. எழுதுவதற்கு முன்னால் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். “உன் கருத்தையும் எழுது, ஆனா முக்கியமான பாயின்ட் எல்லாத்தையும் முதல்ல எழுதிடு” என்றேன்.

“போன தடவை மார்க் போயிடுச்சா மிஸ்?”

“அப்படி இல்லப்பா. ஒரு பாதுகாப்புக்குச் சொல்றேன்.”

முதலில் சொன்னது தெரியாமல் சொன்னது. இது தெரிந்தே சொன்னது. அங்கேயே உட்காரவைத்து, ஆமாம், குறைந்தது, காரணம் இது, அந்த மேடம் கேட்டது நியாயமான கேள்வி, நீ அதற்கு என்ன சொல்வாய் என்று கேட்டிருந்தால்? மகள் செத்துக் கிடக்கட்டும் என்ற வாயும், லியாவின் மோதிரம் என்று சொன்ன வாயும் ஒன்றுதான் என்பதை அவன் எப்படி எடுத்துக்கொண்டிருப்பான்? அதைக் கேட்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பதினைந்து வயதுப் பையன், ப்ரீ போர்டு நெருங்குகிறது, குழப்ப வேண்டாம் என்று நினைத்தேன். பாதி உண்மை. மீதிப் பாதி, நான் வாக்குத் தவறியது அவனுக்குத் தெரியக்கூடாது என்பது.

கவிதைக்கு ஆறு பாயின்ட் எழுதிக் கொண்டுவந்தான். உருவகம், உவமை, எதுகை அமைப்பு, எல்லாம் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் மேற்கோளோடு. நான் 9 போட்டேன். மேடமும் 9 போட்டார். “பாருங்க, எவ்வளவு தேறிட்டான்” என்று எனக்குக் காட்டினார், உண்மையாகவே சந்தோஷப்பட்டார். போர்டிலும் நல்ல மார்க்தான் வாங்கினான். அவன் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்தக் கவிதைத் தாளில் இருந்து ஒரு வரிகூட எனக்கு இப்போது நினைவில் இல்லை.

இப்போதெல்லாம் வருஷத் தொடக்கத்திலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன், யார் யார் திருத்துவார்கள், என் கையில் எத்தனை, அடுத்தவர் கையில் எத்தனை என்று. நேர்மையாக இருக்கிறேன் என்று நினைத்துத்தான் செய்கிறேன். ஆனால் அதைச் சொன்ன வருஷங்களில் மோதிரம் மாதிரி ஒரு தாள் எனக்கு வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா, இல்லை, அப்படிப்பட்ட பையன் வரவில்லையா, தெரியவில்லை.

இந்த ஜூனில் முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள். சொற்கள் வேறு, கேள்வி அதேதான். “போகலாம்” என்றேன். சரி மிஸ் என்று உட்கார்ந்துவிட்டாள். இன்னும் ஏதாவது கேட்பாளா என்று கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பையைத் திறந்து வொர்க்புக்கை எடுத்து மேசைமேல் வைத்தாள்.