‘சும்மாதான் இருக்கேன்’

2019-இல் முதியோர் வாழ்க்கை பற்றிய ஓர் ஆய்வுக்காகச் சிவகாசி பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்த் தகவல் சேகரித்தேன். கேள்விகளை வரிசை மாறாமல் கேட்டால் போதும், வயதானவர்களின் வாழ்க்கை தெரிந்துவிடும் என்று அப்போது நம்பினேன்.

முதல் கேள்வியே வயது. “அறுபதோ எழுபதோ இருக்கும் தாயி, நீயே பாத்துப் போட்டுக்க” என்பார்கள். அப்படியே எழுதினால் ஊரில் எல்லோருக்கும் 60, 65, 70 என்றுதான் வரும். மக்கள்தொகை ஆய்வாளர்களுக்கு இது பழைய தலைவலி. அதனால் ஊருக்கே நினைவிருக்கும் சம்பவங்களை வைத்துக் கணக்குப் போடுவோம். தனுஷ்கோடிப் புயல் என்றால் 1964 டிசம்பர். ஒரு பாட்டி, “காமராசர் விருதுநகர்ல தோத்தாருல்ல, அப்ப என் மூத்தவன் கைப்பிள்ளை” என்றார். அது 1967. கல்யாணம் எப்போது, தலைப்பிள்ளை எப்போது என்று கேட்டுக்கேட்டு அவருக்கு 71 என்று பிடித்தோம். பாட்டிக்கே ஆச்சரியம்.

அடுத்தது வேலை.

“இப்ப ஏதாச்சும் வேலை செய்றீங்களா பாட்டி?”

“இல்ல தாயி, சும்மாதான் இருக்கேன்.”

‘வேலை செய்யவில்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். அந்த நேரத்தில் அவர் மடியில் ஒரு பேரப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது, இன்னொன்று முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மருமகள் காலையிலேயே பட்டாசு ஆலை வண்டியில் ஏறிப் போயிருந்தாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் குறியிட்டேன்.

ராத்திரி அறையில் படிவங்களைச் சரிபார்த்தபோதுதான் உறைத்தது. வீட்டுக்கு வீடு மருமகளுக்கு ‘வேலை’, மாமியாருக்கு ‘வேலை இல்லை’. இவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் அவள் அந்த வண்டியில் ஏறவே முடியாது. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானுடவியலாளர் பென்னி வேரா-சான்சோ, முதியவர்களின் கூலியுள்ள உழைப்பும் கூலியில்லா உழைப்பும்தான் பல குடும்பங்களைத் தாங்குகின்றன என்று எழுதியிருக்கிறார். படித்தபோது தலையாட்டியவள்தான் நான். நேரில் பார்த்தபோது என் பேனா அதை எழுதவில்லை.

அன்றாடக் காரியங்களைத் தாமே செய்ய முடிகிறதா என்ற பகுதியிலும் இப்படித்தான். “சமைக்க முடியுமா தாத்தா?” என்று கேட்டால், நல்ல திடமான மனிதர், “நான் என்னைக்கு அடுப்படிக்குப் போனேன்?” என்பார். அதை ‘முடியாது’ என்று போட்டால் அவர் இயலாதவர் ஆகிவிடுவார். அமெரிக்க முதுமையியல் ஆய்வாளர்கள் லாட்டனும் புரோடியும் 1969-இல் இதற்கென ஓர் அளவுகோல் வகுத்தபோதே ஆண்களுக்குச் சமையல், துணி துவைப்பது போன்றவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் முட்டிவலியோடு பலகை போட்டு உட்கார்ந்து உலை வைக்கும் கிழவிக்கு எந்தச் சலுகையும் இல்லை. ‘முடியும்’ என்று ஒரு குறி, அவ்வளவுதான்.

அப்புறம் நான் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். அதே ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை அரை மணிக்கு அரை மணி என்ன செய்தார்கள் என்று கேட்டார்கள். நானும் அந்தப் பாட்டியிடம் திரும்பப் போய், “நேத்து எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க” என்றேன். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில், “ஆட்டுக்குக் குழை ஒடிச்சுப் போட்டதெல்லாமா எழுதுவ?” என்று சந்தேகப்பட்டார். முதியோர் உதவித்தொகையாக அப்போது வந்த 1,000 ரூபாய் பேரனின் பள்ளிக்கூட வண்டிக்குப் போகிறதாம். வந்த பணத்துக்குப் படிவத்தில் கட்டம் இருந்தது, போன இடத்துக்கு இல்லை.

எல்லாவற்றையும் ஓரத்தில் எழுதினேன். கணினியில் ஏற்றியவர்கள் கட்டங்களை மட்டும் ஏற்றினார்கள். ஓரத்தில் எழுதியவை என் நோட்டில் இருக்கின்றன: 4 மணி, குழாயடி. 5 மணி, வாசல் தெளித்தது. 6 மணி, சின்னவனுக்குப் பால்.