டெல்டா வெயிலில் ஒரு 1.8 டர்போ: பிரிப்பதும் கட்டுவதும்

முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இன்று கைமாறும்போது பெரும்பாலும் களைத்துப்போன எஞ்சினோடுதான் வருகிறது. உள்ளே இருப்பது ஃபோக்ஸ்வேகனின் 1781 சிசி, 20 வால்வு டர்போ பெட்ரோல் எஞ்சின். வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, இங்கே விற்ற வண்டியில் 150 குதிரைத்திறன். வீட்டுக் கொட்டகையிலேயே இதைப் பிரித்துக் கட்டலாம், கட்டிய பிறகு இன்னும் 30, 40 குதிரைத்திறன் ஏற்றவும் செய்யலாம். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வெயிலில் இந்த எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிப்பது எண்ணெய் போகும் பாதை. அது சுத்தமாக இல்லாமல் பூஸ்ட்டைப் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை) பற்றிப் பேசவே கூடாது. அதனால் இந்தப் பதிவில் எண்ணெய்க்குத்தான் அதிக இடம்.

முதலில் காலம். ஐப்பசி, கார்த்திகையில் பிளாக்கைத் திறக்காதீர்கள். அடைமழை ஈரத்தில், ஹோனிங் (கல்லால் தேய்த்துச் சீராக்குவது) முடிந்த சிலிண்டர் சுவர் ஒரே இரவில் துருப்பிடிக்கும். தை, மாசியில் ஈரம் குறைவு, ஆனால் அது சம்பா அறுவடைக் காலம். அறுவடை மெஷின் பக்கத்து வயலில் ஓடினால் வைக்கோல் தூசி ஓட்டுக்கூரை இடுக்கு வழியாகக்கூட உள்ளே வந்துவிடும். பங்குனியில் இரண்டு தொல்லையும் குறைவு. எந்த மாதமானாலும், திறந்த எண்ணெய்த் துளை ஒவ்வொன்றையும் டேப் போட்டு மூட வேண்டும், பிளாக்கைக் கனமான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைக்க வேண்டும். துணியைத் திணிக்காதீர்கள், நூல் உள்ளே நின்றுவிடும்.

எஞ்சினைத் தூக்க, போர்வெல் மோட்டார் இறக்குகிறவர்கள் வைத்திருக்கும் இரும்பு முக்காலியும் செயின் பிளாக்கும் போதும். வாடகைக்குக் கிடைக்கும். கியர்பாக்ஸோடு சேர்த்தால் எடை 200 கிலோவைத் தாண்டும். கூடத்து ஊஞ்சல் கொக்கியிலோ போர்ட்டிகோ பீமிலோ மாட்டுவது வேண்டாம். முக்காலியின் கால்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்துவிடுங்கள். சிமெண்ட் தரையில் அவை விரிந்துகொண்டே போகும்.

பிரிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது சம்ப், அதாவது எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி. அதைக் கழற்றி, எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயிலுள்ள வலைச் சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இந்த எஞ்சின்கள் சாவது பெரும்பாலும் அங்கேதான். டர்போவின் சூட்டில் எண்ணெய் கருகிக் கரித்துகளாகி, அடியில் தார் போலப் படிந்து, சல்லடையை அடைக்கிறது. பம்ப் உறிஞ்ச முடியாமல் அழுத்தம் இறங்குகிறது. முதலில் டர்போ பேரிங், பிறகு கனெக்டிங் ராட் பேரிங், கடைசியில் கேம்ஷாஃப்ட் என்று வரிசையாகப் போகிறது. சல்லடை பாதி அடைத்திருந்தால், பேரிங் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். உறிஞ்சு குழாயைக் கழுவி மீண்டும் போடுவதும் சரியில்லை. வலைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கரியைக் கண்ணால் பார்க்க முடியாது. புதுக்குழாய், புது ஓ-ரிங்.

பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பும் முன் நீங்களே அளந்துகொள்ளுங்கள். சிலிண்டரின் மூல அளவு 81.01 மி.மீ., பிஸ்டன் 80.965. மேலிருந்து 10 மி.மீ. கீழே, நடுவில், அடியிலிருந்து 10 மி.மீ. மேலே என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்காகவும் நெடுக்காகவும் அளக்க வேண்டும். மூல அளவிலிருந்து 0.08 மி.மீ. விலகியிருந்தால் போரிங் (சிலிண்டரைக் குடைந்து அகலமாக்குவது) தேவை. அடுத்த அளவு 81.51, அதற்குரிய பிஸ்டன் 81.465. பிளாக்கை எஞ்சின் ஸ்டாண்டில் மாட்டியபடி அளந்தால் அளவு பிசகும். இறக்கி, சமமான பலகையில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

நம் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். டிராக்டர், பம்ப்செட், நெல் அறுவடை மெஷின் எஞ்சின் என்று வருஷம் முழுக்கப் பார்க்கிறார்கள். ஆனால் கை பழகியிருப்பது டீசல் லைனருக்கு, அங்கே பிஸ்டனுக்கும் சுவருக்கும் விடும் இடைவெளி அதிகம். இந்த எஞ்சினின் வார்ப்பு பிஸ்டனுக்கு வேண்டியது 0.045 மி.மீ. மட்டுமே. வாய்வார்த்தையாகச் சொல்லாமல் பிளாக்கின் மேலேயே பெயிண்டால் எழுதிக் கொடுங்கள். நான்கு பிஸ்டனையும் கையில் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அளந்து போர் செய்யச் சொல்லுங்கள். ஃபோர்ஜ்டு பிஸ்டன் போடுவதாக இருந்தால் இடைவெளி கூடும், அதற்குத் தயாரிப்பாளர் தரும் தாளில் உள்ள எண்தான் சட்டம். ஹெட்டின் அடிப்பரப்பு வளைவு 0.1 மி.மீ. வரை ஏற்கலாம். வால்வு சீட்டுகளுக்கு இடையே மயிரிழை விரிசல் தெரிந்தால் பதற வேண்டாம். 0.3 மி.மீ. அகலத்துக்குள் இருந்தால் அந்த ஹெட்டைப் பயன்படுத்தலாம்.

போரிங்கும் ஹோனிங்கும் முடிந்து வரும் பிளாக்கைப் பட்டறையில் டீசல் ஊற்றிக் கழுவித் தருவார்கள். அது போதாது. ஹோனிங் கல்லின் பொடி சுவரின் கீறல்களுக்குள் உட்கார்ந்திருக்கும், டீசலுக்கு அது வெளியே வராது. வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் நைலான் பிரஷ்ஷும் கொண்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டாத வரைக்கும் தேய்த்துக் கழுவ வேண்டும். எண்ணெய்க் குழல்களின் அடைப்பான்களைக் கழற்றி, நீளமான பிரஷ் விட்டு இழுக்க வேண்டும். கம்ப்ரெசர் காற்றால் உலர்த்தியவுடன் எஞ்சின் ஆயிலைத் தடவிவிடுங்கள். ஈரம் காயட்டும் என்று சாப்பிடப் போனால் திரும்பும்போது துரு வந்திருக்கும்.

கட்டும்போது ராட் போல்ட், ஹெட் போல்ட் எல்லாமே புதிது. அவை இழுபட்டு நீளும் வகை, மறுபடி பயன்படாது. மெயின் பேரிங் கேப் 65 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி. கனெக்டிங் ராட் 30 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி. ஹெட் 40 நியூட்டன் மீட்டர், பிறகு 90, மீண்டும் 90. ஹெட் போல்ட் துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. போல்ட் இறங்கும்போது அடியில் மாட்டிய திரவம் பிளாக்கையே பிளந்துவிடும். ராட் பேரிங் இடைவெளியைப் பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை) வைத்துப் பாருங்கள், 0.01 முதல் 0.05 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். கம்ப்ரெஷன் ரிங்கின் வாய் இடைவெளி 0.20 முதல் 0.40 வரை. பூஸ்ட் ஏற்றும் எண்ணம் இருந்தால் 0.35க்கு மேல் வையுங்கள். சூட்டில் ரிங் முனைகள் ஒன்றோடொன்று முட்டினால் பிஸ்டனின் விளிம்பே பெயர்ந்துவிடும்.

டைமிங்கில் பலர் கோட்டை விடுவது பெல்ட்டில் இல்லை, ஹெட்டின் பின்பக்கச் சங்கிலியில். பெல்ட் எக்ஸாஸ்ட் கேம்மை மட்டும் சுற்றுகிறது. அங்கிருந்து இன்டேக் கேம்முக்கு ஒரு சிறு சங்கிலி. இரண்டு கேம்களின் குறிகளுக்கு இடையே சங்கிலியில் சரியாக 16 உருளைகள் இருக்க வேண்டும். 15 அல்லது 17 இருந்தால் எஞ்சின் ஓடும், ஆனால் இழுவை இருக்காது. கேம்களைப் பொருத்திய பிறகு அரை மணி நேரம் எஞ்சினைச் சுற்றவே வேண்டாம். ஹைட்ராலிக் டாப்பெட்டுகள் அமுங்கி அடங்கும் முன் ஸ்டார்ட் செய்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். அதன் பிறகு கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்து, குறிகள் திரும்ப ஒத்துவருகிறதா என்று உறுதி செய்யுங்கள். வாட்டர் பம்ப்பை இதே கையோடு மாற்றுங்கள், உலோக இம்பெல்லர் உள்ளதாக.

சம்ப்பை மூடும்போது சிலிக்கான் பசை 2 முதல் 3 மி.மீ. தடிமன்தான். கசியக் கூடாதே என்று தாராளமாகப் பிதுக்கினால் உள்பக்கம் வழியும் பசை பிய்ந்து விழுந்து, புதிதாகப் போட்ட அதே சல்லடையை அடைக்கும்.

அடுத்து டர்போ. இதில் வருவது கே03 வகை. சென்னை புதுப்பேட்டையில் பழையது வாங்கினால் இரண்டு சோதனை செய்யுங்கள். தண்டை விரலால் பக்கவாட்டில் அசைத்தால், எண்ணெய் இல்லாத நிலையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது இயல்பு. அழுத்திப் பிடித்துச் சுற்றும்போது இறக்கை கூட்டில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கைக்கே தெரியக் கூடாது. பிறகு எக்ஸாஸ்ட் கூட்டில் வேஸ்ட்கேட் (மிகையான புகையை டர்போவைத் தாண்டி வெளியே விடும் வழி) துளையைச் சுற்றி விரிசல் பாருங்கள். மெல்லிய கோடு சகஜம்தான். வேஸ்ட்கேட் மூடி உட்காரும் விளிம்பைக் கடந்து போயிருந்தால் அந்தக் கூடு வேண்டாம்.

டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் இரும்புக் குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டியே போகிறது. வண்டியை நிறுத்தியதும் அந்தக் குழாய்க்குள் நிற்கும் எண்ணெய் வெந்து கரியாகிறது. வருஷக்கணக்கில் துவாரம் சுருங்கி, புதிதாக மாட்டிய டர்போவும் சில மாதங்களில் போய்விடும். ஆகவே டர்போ மாற்றினால் குழாயும் புதிது, செப்பு வாஷர்களும் புதிது. குழாயின் மேல் வெப்பத் தடுப்பு உறை ஒன்றும் மாட்டுங்கள். கோடையில் வெளிக்காற்றே 38, 40 டிகிரி இருக்கும் ஊரில் அந்த உறை வீண் செலவு ஆகாது. ஓடி வந்த வண்டியை ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துவதும் இந்தக் குழாய்க்காகத்தான்.

ரேடியேட்டருக்குப் போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது. கடலோர வட்டாரங்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கிறது, அலுமினிய ஹெட்டை அது அரிக்கும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டரோடு, ஃபோக்ஸ்வேகன் ஜி12 வகைக் கூலண்ட்டைக் குறைந்தது 40 சதவீதம் கலக்க வேண்டும். இங்கே உறைபனி கிடையாதுதான், ஆனால் துருத்தடுப்பு மருந்து அந்தக் கூலண்ட்டில்தான் இருக்கிறது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் எண்ணெய் வாயில் கையாலேயே ஆயில் ஊற்றி, இறக்கையை விரலால் சுற்றிவிடுங்கள். இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை பத்துப் பத்து விநாடியாகக் கிராங்க் செய்யுங்கள். ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டிவிட்டால் நிம்மதி. எண்ணெய் 80 டிகிரி சூடான பிறகு, 2000 ஆர்பிஎம்மில் அழுத்தம் 2 பாருக்குக் (பார் என்பது அழுத்த அலகு) கீழே காட்டினால் உடனே நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள்.

முதல் 500 கி.மீ.க்கு மினரல் ஆயில், பிறகு ஃபோக்ஸ்வேகன் 502 00 தரமுள்ள 5டபிள்யூ-40 முழு சிந்தெட்டிக், ஃபில்டரோடு சுமார் நாலரை லிட்டர். மாற்றும் இடைவெளி 5000 கி.மீ. ரன்னிங்-இன் காலத்தில், அதாவது புதிதாகக் கட்டிய எஞ்சினைப் பழக்கும்போது, பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் என்75 வால்வின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டால் பூஸ்ட் வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கின் அளவிலேயே, அரை பாருக்குள் நின்றுவிடும். டெல்டாவில் ஏற்றம் இறக்கம் இல்லை, அதனால் எஞ்சினுக்குச் சுமை கொடுக்க மூன்றாம், நான்காம் கியரில் 2500இலிருந்து 4000 வரை ஏற்றி, காலை எடுத்துத் தானாக இறங்க விட வேண்டும். ரிங் உட்காருவது இப்படித்தான். தஞ்சை–திருச்சி நால்வழிச் சாலை இதற்கு ஏற்றது. உள்ளூர்ச் சாலைகளில் வேகத்தடையும், அறுவடைக் காலத்தில் சாலையிலேயே காயும் நெல்லும் விடாது.

இனிதான் பூஸ்ட். முதல் வேலை காற்றுக் கசிவுச் சோதனை. உரக்கடை பக்கத்தில் விற்கும் பிவிசி பைப் மூடி ஒன்றில் டயர் வால்வைப் பொருத்தி, டர்போவின் உறிஞ்சு வாயில் கிளிப் போட்டு இறுக்கி, ரெகுலேட்டர் வழியாக 1 பார் காற்றைக் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நீர் அடியுங்கள். மூடிக்கு நேரெதிரே நிற்காதீர்கள். பழைய வண்டியில் குமிழி வருவது பெரும்பாலும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் பிசிவி (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இழுத்துவிடும்) ரப்பர் குழாய்களில். இந்த வெயிலில் அவை பிஸ்கட் மாதிரி நொறுங்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுங்கள்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். நாக்கிங்கை (கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டுவதை) அது குறைப்பதால் டர்போவுக்கு உண்மையில் நல்லது, ஆனால் எத்தனால் இல்லாத பெட்ரோலை விட 7, 8 சதவீதம் கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும். பழைய ரப்பர் எரிபொருள் குழாய்களையும் அது ஊற வைத்துவிடும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். 3 பார் எரிபொருள் அழுத்த ரெகுலேட்டருக்குப் பதில் 4 பார் போட்டால் இன்ஜெக்டர் தரும் அளவு 15 சதவீதம் கூடும். அதை இசியூ (எஞ்சின் கணினி) மேப்போடு சேர்த்துத்தான் போட வேண்டும், தனியாகப் போட்டால் கலவை கெடும். பிளக் வெப்ப அளவில் ஒரு படி குளிர்ந்தது, பிகேஆர்7இ, இடைவெளி 0.7 மி.மீ.

டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்க, சக்கர வளைவுக்குள் ஒளிந்திருக்கும் சிறிய இன்டர்கூலர் இந்த ஊர் வெயிலுக்குப் பற்றாது. முன்பக்கம் பெரிதாக ஒன்று வைப்பது நல்ல முடிவு, ஆனால் அது ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் போகும் காற்றை மறைக்கும். தடிமனைவிட அகலமும் உயரமும் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். வைக்கோல் துகளும் அந்திப் பூச்சியும் இடுக்குகளை அடைப்பதால் மாதம் ஒரு முறை பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும்.

கே03க்குப் பூஸ்ட் உச்சம் 1.1 பாரைத் தொட்டு, ரெட்லைன் அருகே 0.8க்கு இறங்கும்படி மேப் இருக்கட்டும். அதற்கு மேல் கேட்டால் சின்ன டர்போ சூட்டை மட்டும்தான் தரும். மூல ராட்கள் 350 நியூட்டன் மீட்டரை ஒட்டி வளையும் அபாயம் உண்டு, 2500 ஆர்பிஎம்மில் முறுக்குவிசையைத் திடீரென ஏற்றும் மேப் அவற்றுக்கு எமன். மதிய வெயிலில் மூன்றாம் கியரில் விசிடிஎஸ் (லேப்டாப்பில் ஓடும் ஃபோக்ஸ்வேகன் வகை சோதனை மென்பொருள்) மாட்டிப் பதிவு எடுங்கள். அதன் அளவீட்டு பிளாக் 020இல் இக்னிஷன் பின்வாங்கல், 115இல் கேட்ட பூஸ்ட்டும் வந்த பூஸ்ட்டும், 118இல் உறிஞ்சும் காற்றின் சூடு, 032இல் கலவைத் திருத்தம். எல்லாச் சிலிண்டரும் 6 டிகிரிக்கு மேல் பின்வாங்கினால் பூஸ்ட்டைக் குறைக்க வேண்டும். ஒன்று மட்டும் பின்வாங்கினால் அந்தச் சிலிண்டரின் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். காற்று அளவி நொடிக்கு 120 கிராம் காட்டினால் ஏறக்குறைய 150 குதிரைத்திறன், 150 காட்டினால் 185ஐத் தாண்டிவிட்டீர்கள்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றாதீர்கள், புகைச் சோதனையில் நிற்காது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52இன்படி பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்ற முடியாது. பிளாக்கையே மாற்றினால் எஞ்சின் எண் மாறும், அதற்கு ஆர்டிஓ அனுமதி முன்கூட்டியே வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பதிலை வண்டிக் காகிதங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.