2 நிமிடம் 9 விநாடி

ஷூ லேஸ் கட்டும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன் என்பதை என் மகள்தான் கண்டுபிடித்தாள். ஒன்பது வயது அவளுக்கு. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "அப்பா, நீ ஏன் தண்ணிக்குள்ள முங்கப் போற மாதிரி மூச்சை இழுத்துட்டு லேஸ் கட்டுற?"

சிரித்து மழுப்பிவிட்டேன். மறுநாள் என்னை நானே கவனித்தபோது அவள் சொன்னது அப்படியே உண்மை. ஒரு மூச்சு இழுத்துக் குனிந்து வலது காலை முடிக்கிறேன். நிமிர்ந்து இரண்டு மூச்சு விட்டு, மறுபடி ஒன்று இழுத்துக்கொண்டு இடது கால். குனிந்தால் தொப்பை மேலே தள்ளுகிறது, நுரையீரல் விரிய இடமில்லை. எத்தனை வருடமாக இந்த வித்தை நடக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

குனியும்போது மூச்சு முட்டுவது இதயக் கோளாறின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் டாக்டரிடம் போனேன். இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்தபின் அவர் சொன்னது ஒரே வரி: "இதயம் நல்லா இருக்கு, சுத்தி இருக்கிறதுதான் ஜாஸ்தி." வயது 44. எடை 89 கிலோ. இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர்.

இத்தனைக்கும் நான் ஒரு காலத்தில் ஓட்டக்காரன். கல்லூரியில் 800 மீட்டர் ஓடுவேன். என் சிறந்த நேரம் 2 நிமிடம் 9 விநாடி. உலக அளவில் அது ஒன்றுமே இல்லை; 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி முடித்துவிட்டார். நான் அவரோடு ஓடியிருந்தால், அவர் எல்லைக் கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்க்கும்போது கிட்டத்தட்ட 175 மீட்டர் பின்னால் வந்துகொண்டிருப்பேன். ஆனாலும் அந்த 2:09-ஐ இருபத்திரண்டு வருடமாக ஒரு சான்றிதழ் மாதிரி மனதில் வைத்திருந்தேன். யாராவது "உடம்பு போட்டுட்டீங்களே" என்றால், உள்ளுக்குள் ஒரு குரல் "நான் 2:09 ஓடினவன்யா" என்று பதில் சொல்லும்.

அந்தக் குரல்தான் என்னைக் கவிழ்த்தது.

புது ஷூ வாங்கி முதல் நாள் மைதானத்துக்குப் போனேன். மெதுவாக ஓட வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் கால்களுக்கு மெதுவான வேகம் ஒன்று இருப்பதே தெரியாது. கோட்டில் நின்று முதல் அடி வைத்ததும் பழைய தாளம் தானாக வந்துவிட்டது. முதல் நூறு மீட்டர், சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு சுகமாக இருந்தது. இருநூறில் வாய் உலர்ந்தது. முந்நூறில் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. முந்நூற்றைம்பதில் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் நின்று, "தம்பி, யாரையாவது கூப்பிடணுமா?" என்றார்.

புத்தி உள்ளவன் அதோடு நின்றிருப்பான். நான் அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் படியில் இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். "ஆசிட் சேர்ந்திருக்கு, ஓடினா கரைஞ்சிடும்" என்று எங்கள் கோச் அந்தக் காலத்தில் சொல்வார். நானும் அதையே நம்பி ஓடினேன். அவர் சொன்னது தவறு. அவர் ஆசிட் என்றது லாக்டேட்டை; ஓடும்போது சேரும் அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடுகிறது. ஒரு நாள் கழித்து ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும் இந்த வலி, பழக்கமில்லாத வேலையால் தசை இழைகளில் உண்டாகும் நுண்ணிய சேதத்தால் வருவது. அதிலும் தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளும் அசைவுகள்தான் மோசம். படி இறங்குவது அப்படிப்பட்ட அசைவு. அதனால்தான் ஏறுவதைவிட இறங்குவது உயிரை எடுத்தது.

அந்த வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. எனக்கும் திமிர் வந்துவிட்டது. பத்தாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் கால் ஊன்றியபோது, குதிகாலுக்கு மேலே கயிற்றை யாரோ முறுக்குவது போல ஒரு வலி. பத்தடி நொண்டினால் தளர்கிறது. மறுநாள் காலை மறுபடியும் அதே முறுக்கு.

பிசியோதெரபிஸ்ட் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாணை இரண்டு விரலால் கிள்ளினார், நான் துள்ளினேன். "கடைசியா எப்ப சார் ஓடுனீங்க?" என்றார். இருபத்திரண்டு வருடம் என்றேன். கூடவே, கேட்காமலே, 2:09-ஐயும் சொன்னேன். அவர் முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை.

"ஓடிப் பழகினவங்கதான் சார் என்கிட்ட அதிகமா வர்றாங்க. ஓடவே தெரியாதவங்க பயந்து பயந்து ஆரம்பிப்பாங்க, உடம்பும் மெல்லப் பழகிக்கும். உங்களுக்கு எப்படி ஓடணும்னு தெரியும். அதுதான் பிரச்சினை."

பிறகு அவர் விளக்கியது இது. திரும்பப் பயிற்சி ஆரம்பித்தால் மூச்சு சில வாரங்களில் சீராகத் தொடங்கும். தசைக்கும் தாராளமான ரத்த ஓட்டம் உண்டு, அதுவும் ஓரளவு வேகமாகத் தேறும். ஆரம்பத்தில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு தசை பெருத்ததால் வருவதுகூட இல்லை. நரம்பு மண்டலம் இருக்கிற தசையை நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசைநாண் அப்படியல்ல. ரத்த ஓட்டம் குறைவு, தேறுவதற்கு மாதக்கணக்காகும். ஆக மூச்சு "போகலாம்" என்கிறது, தொடை "போகலாம்" என்கிறது, குதிகால் நாண் மட்டும் பின்னால் நின்றுகொண்டு இருபத்திரண்டு வருடத் தூக்கத்தைக் கலைத்துக்கொண்டிருக்கிறது. என் விஷயத்தில் அதன் தலையில் 27 கிலோ கூடுதல் சுமை வேறு.

அவர் கொடுத்த பயிற்சி கேட்பதற்குச் சப்பென்று இருந்தது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, வலிக்கும் காலின் குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். மறு காலால் ஏறிக்கொண்டு திரும்ப இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி வைத்து 15 தடவை என்று மூன்று சுற்று, லேசாக மடக்கி வைத்து அதே மூன்று சுற்று, காலையும் மாலையும். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 180. பன்னிரண்டு வாரம்.

இதன் பின்னே ஒரு நல்ல கதை இருக்கிறது. ஸ்வீடனின் எலும்பியல் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்கே இந்தக் குதிகால் வலி இருந்ததாம். அறுவை சிகிச்சை கேட்டபோது, நீங்கள் மருத்துவ விடுப்பில் போனால் இங்கே கட்டுப்படியாகாது என்று மேலதிகாரி மறுத்துவிட்டாராம். அப்படியானால் மோசமாக்கிக் காட்டுகிறேன் என்று அவர் வேண்டுமென்றே வலிக்க வலிக்க இந்தப் பயிற்சியைச் செய்யப்போய், வலியே போய்விட்டது என்று சொல்வார்கள். பிறகு 15 ஓட்டக்காரர்களிடம் சோதித்து 1998-ல் வெளியிட்டார். பன்னிரண்டு வாரத்தில் அத்தனை பேரும் ஓடத் திரும்பினார்கள். அவர்களுடைய சராசரி வயது 44. படித்ததும் எனக்குத் துணை கிடைத்த மாதிரி இருந்தது.

180-ஐ எப்படித் தினமும் செய்வது? பல் தேய்க்கும் நேரத்தோடு சேர்த்துவிட்டேன். வீட்டுக்குள் இருக்கும் படியில் பிரஷ்ஷோடு நின்று, வாயில் நுரையோடு ஏறி இறங்குவேன். மிச்சத்தை வாய் கொப்பளித்துவிட்டு வந்து முடிப்பேன். மனைவி முதல் வாரம் பார்த்துவிட்டு, "யாராவது வந்தா உள்ள போயிடுங்க" என்றாள்.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, நானும் 22-ஆம் நாள் தானாக நடக்கும் என்று காத்திருந்தேன். நடக்கவில்லை. லண்டனில் ஃபிலிப்பா லாலி என்பவரின் குழு இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறது. ஒரு செயல் தன்னிச்சையாக நடக்க ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கும் வேலைக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. எனக்கு இந்தக் கடைசித் தகவல்தான் உயிர் கொடுத்தது. முன்பெல்லாம் ஒரு நாள் விட்டால் "போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பார்ப்போம்" என்பேன். அந்தத் திங்கட்கிழமை வந்ததே இல்லை. காலண்டரில் பென்சிலால் போட்ட கணக்குப்படி 74-ஆம் நாள், தூக்கக் கலக்கத்தில் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நேராகப் படியில் போய் நின்றிருக்கிறேன். பாதி எண்ணிக்கையில்தான் விழிப்பே வந்தது.

ஓடக் கூடாது என்று தடை இருந்த அந்த மாதங்களில் எனக்குக் கிடைத்தது அலுவலகப் படிக்கட்டு. நான்கு மாடி, மாடிக்கு 22 படி, மொத்தம் 88. படியை இளக்காரமாக நினைத்தவன் நான், பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரெமி மாரிஸின் ஆய்வைப் படிக்கும் வரை. லண்டன் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், நடத்துநர் நாள் முழுக்கப் படியேறிக்கொண்டே இருப்பார். ஒரே வண்டி, ஒரே சாலை. ஆனால் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் அது உயிரை எடுப்பது குறைவு என்று அவர் 1953-ல் காட்டினார். உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆராய்ச்சிகள் பெருகியது அதற்குப் பின்தான். மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார். நான் லிஃப்ட்டில் தினமும் சந்தித்த ஓட்டுநர் நான்தான்.

முதல் வாரம் இரண்டாம் மாடியில் நின்று, செல்போனில் ஏதோ முக்கியமான செய்தி வந்த மாதிரி நடிப்பேன். இப்போது வாய்க்குள் ஒரு பாட்டை முனகிக்கொண்டே ஏறுகிறேன். பேச முடிந்தால் மிதமான வேகம், பாடவும் முடிந்தால் இன்னும் கொஞ்சம் முடுக்கலாம், பேச்சே தடைபட்டால் அதிகம். கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே நடப்பதைவிட எனக்கு இது ஒத்துவருகிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு. படியும் மாலை நடையும் சேர்த்து 150-ஐத் தொட எனக்கு ஐந்து மாதம் ஆனது. தசைக்கு, நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது. உங்களுக்குச் சிரிப்பு வந்தால், மெதுவாக இருபது தடவை செய்துவிட்டுச் சிரியுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. "டயட்னு எனக்குத் தனியா வேலை வைக்காதீங்க" என்று வீட்டில் உத்தரவு. எனவே எல்லோரும் சாப்பிடுவதையே சாப்பிட்டேன். இரண்டாம் முறை போட்டுக்கொள்வதற்கு முன் பத்து நிமிடம் பொறுப்பது, ஒன்பது மணிக்கு மேல் எதையும் கொறிக்காமல் இருப்பது, குடிப்பவற்றில் சர்க்கரையை விடுவது. இவ்வளவுதான். கொறிப்பதை நிறுத்த ஒரே வழி சீக்கிரம் தூங்குவது என்பதும் தெரிந்தது. பன்னிரண்டு மணிக்கு வருவது பசி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், அது தூக்கமின்மை.

முதல் பத்து நாளில் 2 கிலோ குறைந்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். அதற்கப்புறம் மூன்று வாரம் முள் நகரவேயில்லை. முதலில் போனதில் பெரும்பகுதி தண்ணீர். உடலில் சேமித்த மாவுச்சத்து கரையும்போது அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் சேர்ந்து போகிறது. கொழுப்பு மெல்லத்தான் போகும். எந்த வழியாகப் போகிறது என்பதுதான் வேடிக்கை. வியர்வையாக என்றுதான் நான் நினைத்திருந்தேன். 10 கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மிச்சம் 1.6 கிலோதான் தண்ணீராகிறது என்று 2014-ல் ஆஸ்திரேலியாவில் மீர்மன், பிரவுன் என்ற இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். லேஸ் கட்டும்போது நான் அடக்கி வைத்திருந்த அதே மூச்சில்!

பதினோரு மாதம் ஆகிறது. எடை 81. இடுப்பு 95, ஆசிய ஆண்களுக்குச் சொல்லப்படும் 90-ஐ எட்ட இன்னும் ஐந்து சென்டிமீட்டர் பாக்கி. படுக்கையிலிருந்து எழுமுன் எண்ணினால் நாடித்துடிப்பு 82-லிருந்து 67-க்கு இறங்கியிருக்கிறது.

ஓட்டத்துக்கு நான்காம் மாதம் அனுமதி கிடைத்தது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. என் பழைய தாளத்தை அடக்க முடியாமல் திணறியதால் மகளைத் துணைக்குக் கூட்டிப் போனேன். அவள் வேலை, ஓடிக்கொண்டே என்னிடம் வாய்ப்பாடு கேட்பது. பதில் சொல்ல மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். போன ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாக நடக்காமல் இரண்டு சுற்று, 800 மீட்டர். பதினேழாம் வாய்ப்பாட்டில் கொஞ்சம் தடுமாறினேன், ஆனால் அது மூச்சால் அல்ல. முடித்ததும் அவள் கையிலிருந்த செல்போனைப் பார்த்து அறிவித்தாள்: "5 நிமிஷம் 48 செகண்ட்."

புல்லில் உட்கார்ந்தோம். இந்த முறை எந்தப் பெரியவரும் நின்று விசாரிக்கவில்லை.

"அப்பா, நீ காலேஜ்ல எவ்ளோ நேரத்துல ஓடுவ?"

"2 நிமிஷம் 9 செகண்ட்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பொய்."